கிண்ணமாகிப் போன பாட்டு

நூல் மில்லை மூடிய பிறகு நான் என்னவெல்லாம் செய்து பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஊறுகாய் போட்டேன், பூசணம் பிடித்து அண்டாவோடு கொட்டினேன். சேலைக்கு ஃபால்ஸ் தைத்தேன்; சாயங்காலமானால் கண் எரிந்தது. இருபது வருடத்துக்கு மேல் மில் ஆபீசில் உட்கார்ந்து யார் வந்தார், யார் வரவில்லை என்று குறித்துக்கொண்டிருந்தவளுக்கு வேறு எதுவும் கைவரவில்லை. எனக்குப் பொறுமையும் கிடையாது. அளந்து போடும்போதே கொஞ்சமாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் கைபேசியில் அந்த வீடியோ வந்தது. எந்த ஊர்ப் பெண்ணோ, ஒரு பழைய இசைத்தட்டைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்தாள். கவிழ்த்து வைத்த பாத்திரத்தின் மேல் போட்டாள். தட்டு சுட்ட அப்பளம் போலச் சுற்றிலும் நெளிந்து தொங்கியது. ஆறியதும் எடுத்து நிமிர்த்தினால் கறுப்பாக, பளபளவென்று, ஒரு கிண்ணம். எங்கள் வீட்டுப் பின்னறையில் முந்நூறு தட்டுகளுக்கு மேல் சும்மா கிடக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது.

அவை அப்பாவின் தட்டுகள். அப்பா மைக்செட்காரராக இருந்தவர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, திருவிழா, எழவு எதுவானாலும் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவார். நத்தம் பக்கமிருந்து நெய்க்காரப்பட்டி வரைக்கும் அவருக்கு வேலை இருந்தது. கேசட் வந்ததும் தட்டுப் போடுகிற பிளேயர்கள் இரண்டையும் விற்றார். சிடி வந்ததும் கேசட்டுகளைத் தூக்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் தொழிலையே விட்டார். தட்டுகளை மட்டும் யாரும் கேட்கவில்லை, அவரும் யாருக்கும் கொடுக்கவில்லை. சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய் இப்போது மூன்று வருடம்.

அந்த முந்நூறில் ஒரு தட்டில் என் அம்மா பாடியிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்தாள். பங்குக் கோயிலுக்கு ஏதோ விழா வந்தபோது சாமியார் குழுவை மெட்ராசுக்குக் கூட்டிப்போய்ப் பாட்டுகளைத் தட்டாகப் போட்டுக்கொண்டு வந்தார். முதல் பாட்டில் இரண்டாவது சரணம் அம்மா தனியாகப் பாடியது. கூடிப்போனால் அரை நிமிடம். ஒரு திருவிழாவில் இந்தத் தட்டைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "இது யாரு பாடுற புள்ள?" என்று விசாரித்திருக்கிறார். விசாரித்தது பெண் பார்ப்பதில் போய் முடிந்தது. அப்பா எங்கள் அம்மாவை முதலில் காதால்தான் பார்த்தார் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கேலி செய்வார்கள்.

அம்மாவுக்கு அந்தத் தட்டு என்றாலே கூச்சம். வீட்டில் போட விடமாட்டாள். கோயில் திருவிழாவில் அப்பா போட்டால் காதைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். பிள்ளைகளாக இருந்த நாங்களும் அதை உட்கார்ந்து கேட்டதில்லை. கேசட்டில் பதிந்து வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவே வீட்டில் சட்டிபானையை உருட்டிக்கொண்டு இருக்கும்போது அம்மாவின் குரலைப் பதிந்து வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அவள் போய் ஒன்பது வருடமாகிறது.

கண் இருந்தவரைக்கும் அப்பா சுவரிலிருக்கும் அவள் படத்தைப் பார்ப்பார். படத்துக்கு மாலை போடுவார், துடைப்பார், திருநாளன்று எதிரில் நாற்காலி போட்டு உட்காருவார். கண் போனதும் அந்தப் படம் அவருக்குச் சுவரோடு சுவராகிவிட்டது. அதற்கப்புறம்தான் தட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.

"ஏத்தா, ஒரு பிளேயர் எங்கிட்டாவது கெடைக்குமா? ஒங்கம்மா பாட்ட ஒரே ஒரு தடவ கேக்கணும்."

வேறு எதையும் அவர் கேட்டவரில்லை. சோற்றுக்கு வெஞ்சனம் இல்லையென்றாலும் ஊறுகாயைத் தொட்டுத் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். இந்த ஒன்றை மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை கேட்டார். நானும் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிண்ண யோசனையை அவரிடம் சொன்னபோது மறுப்பார் என்றுதான் நினைத்தேன்.

"பண்ணு. எனக்கென்ன. ஊசியே இல்லாத காலத்துல தட்ட வச்சு நா என்ன செய்யப்போறேன்? ஒங்கம்மா தட்டு மட்டும் பத்திரம்."

"அத மொதல்லயே எடுத்து வச்சுட்டேன்ப்பா. கோயில் கோபுரம் போட்ட கவருதான?"

"அதேதான். ஒண்ணு செய்யி. ஒவ்வொண்ணா எங்கைல குடுத்துட்டு அடுப்புல வையி. தடவிப் பாத்துட்டுத் தாரேன்."

முதல் நாள் அப்படித்தான் செய்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். தட்டை அவர் மடியில் வைப்பேன். அவர் அவசரமே படமாட்டார். ஓரத்தை விரலால் சுற்றி வருவார், வரிகளை நகத்தால் வருடுவார், எத்தனை பாட்டு என்று எண்ணுவார். பிறகு கதை வரும். இந்தத் தட்டைப் போட்டபோது நத்தத்தில் மாப்பிள்ளை ஓடிப்போனது, அந்தத் தட்டு ஓடும்போது மழை வந்து பந்தல் சாய்ந்தது. அதற்குள் இங்கே தண்ணீர் வற்றும், கேஸ் தீரும். ஒரு நாளில் எட்டுத் தட்டு. எட்டிலும் இரண்டு ஓட்டையாகப் போயின.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. வத்தலக்குண்டு சாலையில், கொடைக்கானல் போகிற கார்கள் நிற்பதற்காகப் புதிதாகத் திறக்கவிருந்த காபிக் கடை. மேசைக்கு ஒன்று வீதம் நாற்பது கிண்ணம் கேட்டார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மில்லை விட்டு வந்த பிறகு என்னை நம்பி ஒருவர் ஒரு வேலையைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"அப்பா, நீங்க தடவிக் கதை சொல்லி முடிக்கிறதுக்குள்ள கடையவே மூடிருவாங்க" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து நானே எடுத்தேன், நானே போட்டேன். அம்மாவின் உறை அலமாரியின் மேல்தட்டில், அவள் சேலைக்கு அடியில், பத்திரமாக இருந்தது. எனக்கு என்ன பயம்?

கிண்ணங்கள் நன்றாகவே வந்தன. பெருமையாகச் சொல்கிறேன், அந்த ஒரு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். பெட்டிக்குப் பெட்டி காலியாகி வர, பின்னறையில் முதல் தடவையாகத் தரை தெரிந்தது. நாற்பதையும் செய்தித்தாளில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பிளேயர் கிடைத்தது. அகரத்தில் ஒரு பழைய மைக்செட்காரர் வீட்டில், பரண் மேல், ஊசியோடு. நானே பஸ்ஸில் போய் மடியில் வைத்துத் தூக்கி வந்தேன். அப்பா காலையிலேயே குளித்து வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்துவிட்டார். பூசைக்குப் போகிற மாதிரி இருக்கிறதே என்று கிண்டல் செய்தேன். அவர் காதில் வாங்கவில்லை. ஒயரை எங்கே சொருக வேண்டும், எந்தப் பக்கம் தட்டு சுற்ற வேண்டும், எல்லாவற்றையும் கையாலேயே தடவிச் சரிபார்த்தார். நான் அலமாரியிலிருந்து கோபுரம் போட்ட உறையை எடுத்து, தட்டை உருவி வைத்து, ஊசியை இறக்கினேன்.

பேண்டு வாத்தியம் வந்தது. டிரம், கிளாரினெட்டு, ஊர்வலத்துக்கு வாசிக்கிற மாதிரி. சரி, முன்னால் இசை இருக்கும், பாட்டு பின்னால் வரும் என்று நின்றேன். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் அது பாட்டுக் கேட்கிற முகமாக இல்லை.

"மறுபக்கம் போடு."

போட்டேன். அதுவும் பேண்டு.

"இது அந்தத் தட்டு இல்ல" என்றார். "நீ கவரப் பாத்தா எடுத்து வச்ச?"

"ஆமாப்பா. கோபுரம் போட்ட கவருதான்."

"கவரப் பாத்து எடுத்தா எப்படித்தா? ஒண்ணு தள்ளில்ல இருக்கும்."

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லப் புரிந்தது. இரண்டு பிளேயர் வைத்து வேலை செய்கிறவர்களின் பழக்கம் அது. ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தட்டை உறையிலிருந்து உருவித் தயாராக வைத்துவிடுவார்கள். ஓடி முடிந்த தட்டை எடுத்ததும், கைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடப்பது அடுத்த தட்டின் உறைதான். அதற்குள் சொருகிவிடுவார்கள். அடுத்தது அதற்கடுத்த உறைக்குள் போகும். விடிய விடிய இப்படி ஓடினால் எந்தத் தட்டும் அதன் உறைக்குள் இருக்காது, எல்லாம் ஒரு உறை தள்ளியிருக்கும். வேலை தெரிந்தவனுக்கு அதில் குழப்பம் இல்லை. எதற்குப் பின் எது என்ற வரிசை அவன் தலைக்குள் இருக்கும். அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் யாரும் தட்டுகளை அதனதன் உறைக்கு மாற்றி அடுக்கமாட்டார்கள். மைக்செட் வேலைக்கு என் தம்பியை அப்பா கூட்டிப்போயிருக்கிறார். பொம்பளைப் பிள்ளை என்று என்னைக் கூட்டிப்போனதே இல்லை. எனக்கு இது எங்கிருந்து தெரியும்?

தட்டைப் பார்த்தாவது கண்டுபிடித்திருக்கலாமே என்றால், அதுவும் முடியாது. ஒரு மைக்செட்காரர் தட்டை இன்னொருவர் இரவல் வாங்கிக்கொண்டு தன்னுடையது என்று சாதிப்பது வழக்கமாம். அதனால் அப்பா எல்லாத் தட்டிலும், இரண்டு பக்கமும், பாட்டின் விவரம் அச்சடித்த இடத்தின் மேலேயே தன் செட்டின் முத்திரை குத்திய வெள்ளைத் தாளை ஒட்டியிருந்தார். முந்நூறும் ஒரே முகம்.

"பரவால்ல" என்றார் அப்பா. குரலில் பதற்றமே இல்லை. "கடைசியா அதப் போட்டது சப்பரத்தன்னைக்கு. பேண்டு போட்டேன், பொறவு ஒங்கம்மா பாட்டு, சப்பரம் கோயிலுக்குத் திரும்புனதும் நாதஸ்வரம். அப்ப ஒங்கம்மா நாதஸ்வரக் கவருக்குள்ள இருக்கா. செவப்புக் கவரு. அத எடு."

சிவப்பு உறை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காபிக் கடை ஆர்டருக்கு இரண்டாவது நாள் எடுத்த பெட்டியில் மேலாக இருந்தது. நாதஸ்வரம்தானே, யாருக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உருவி அண்டாவில் முக்கினேன். உறை அழகாக இருக்கிறது என்று அதை மட்டும் எடுத்து வைத்திருந்தேன்.

"எடுத்தியா?" என்றார்.

கண் தெரியாதவர் எதிரில் பேசாமல் நிற்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் கையை நீட்டியபடி இருந்தார்.

"அது கிண்ணமாயிருச்சுப்பா."

கையை மெதுவாக மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஓரத்துல ஒரு சில்லு பேந்திருக்கும். ஒங்கம்மா கீழ போட்டது. போய்ப் பாரு" என்றார்.

அன்றைக்கே காபிக் கடைக்குப் போனேன். என் கிண்ணங்களில் தக்காளி சாஸ் பொட்டலங்களும் கை துடைக்கிற காகிதமும் வைத்திருந்தார்கள். மேசை மேசையாகப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு கிண்ணத்தின் ஓரத்தையும் தடவினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். எங்குமில்லை. கடைசியில் கல்லாவில் இருந்தது. சில்லு பெயர்ந்த இடம் தெரியாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, சீரக மிட்டாய் போட்டிருந்தார்கள். கடைக்காரப் பையன் நல்ல மாதிரி. மிட்டாயை வேறு டப்பாவில் கொட்டிவிட்டு, "எடுத்துக்கங்க ஆன்ட்டி, ஒடஞ்சதுதான" என்று கொடுத்தான்.

அப்பா கிண்ணத்தை மடியில் வைத்து வெகுநேரம் தடவினார். சில்லைத் தொட்டார். நெளிந்து நின்ற ஓரத்தை ஒவ்வொரு மடிப்பாக ஏறி இறங்கி வந்தார். "இதுதான்" என்றார். பிறகு சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, "திரும்பத் தட்டையாக்க முடியாதாத்தா?" என்று கேட்டார்.

முடியும் என்று சொன்னேன். அப்போது வேறு என்ன சொல்வது?

மறுபடி வெந்நீர். மறுபடி முக்கினேன். இரண்டு தரை ஓடுகளுக்கு நடுவில் வைத்து, மேலே ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தேன். ஒரு பகல் முழுக்க அப்பா அதன் பக்கத்திலேயே நாற்காலியில் இருந்தார். எடுத்தபோது தட்டு மாதிரிதான் இருந்தது. ஆனால் வெளிப்பக்கமெல்லாம் சுருங்கி, வரிகள் மழுங்கி, வழுவழுவென்று ஆகியிருந்தது. நடுவில் மட்டும், கவிழ்த்த பாத்திரத்தின் அடிப்பாகம் தாங்கியிருந்த இடம், பழையபடி வரி வரியாக இருந்தது.

ஊசியை ஓரத்தில் வைத்தேன். சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி வைத்தேன், எகிறியது. அம்மாவின் பாட்டு முதல் பாட்டு. முதல் பாட்டு என்றால் தட்டின் வெளி ஓரம். எதை நான் அழகாக நெளித்திருந்தேனோ அதில்தான் அவள் இருந்தாள். நான் வைத்துக்கொண்டே இருந்தேன், அது எகிறிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை வழுக்கி உள்ளே போய் நல்ல இடத்தில் விழுந்து பாட ஆரம்பித்தது. சுத்தமாக, ஒரு கீறல் கூட இல்லாமல், கடைசிப் பாட்டு. அது ஆண்கள் மட்டும் பாடியது. ஐந்தாறு பேர் கணீரென்று பாடினார்கள். அப்பா அதைக் கடைசி வரை கேட்டார். நிறுத்தச் சொல்லவில்லை.

பிறகு நான் அலைந்த அலைச்சலைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பழைய கோயிலை இடித்துக் கட்டியபோது அங்கிருந்த தட்டுகள் குப்பையோடு போய்விட்டன. குழுவில் பாடியவர்களில் ஒருவர் கூட உயிரோடு இல்லை. அவர்கள் பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் போனேன். காபி கொடுத்தார்கள். கைபேசியில் யாராவது ஏற்றியிருப்பார்கள் என்று தம்பி தேடினான். பங்குக் கோயில் பாட்டை யார் ஏற்றப்போகிறார்கள்?

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஒரு மாதிரி முடிந்திருக்கும். எனக்கு அவர் மேல் கோபம் கூட வந்தது. ஒண்ணு தள்ளி இருக்கும் என்பதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று. அந்தக் கோபத்தில் நியாயமில்லை என்று தெரியும். தெரிந்தும் வந்தது.

அவர் ராகத்தைப் பிடிக்கப் பார்த்தார். சாயங்கால நேரங்களில் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாக முனகுவார். இரண்டு அடி சரியாகப் போவது போலிருக்கும். மூன்றாவது அடியில் ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பாட்டுக்குள் போய்விடும். நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். மறுபடி வேறொன்றுக்குள் போகும். அத்தனை வருடம் அத்தனை ஊரில் போட்ட பாட்டெல்லாம் அவருக்குள் கிடக்கிறது. அந்த ஒன்று மட்டும் வரவில்லை. ஒருநாள், "எல்லாரு பாட்டும் வருது. அவளோடது வரமாட்டேங்குது" என்றார். அதற்குப் பிறகு முனகுவதை விட்டுவிட்டார்.

மிச்சத் தட்டுகளையும் கிண்ணமாக்கிவிடச் சொன்னார். வைத்திருந்து என்ன செய்ய என்றார். அவர் சொல்படி செய்தேன். போன வாரம் அடுப்படியில் கடைசிப் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றபோது உள்ளேயிருந்து கூப்பிட்டார். போனேன்.

"ஒனக்கு ஒங்கம்மா கொரலு ஞாபகம் இருக்கா?"

"இருக்குப்பா" என்றேன்.

"எப்படி இருக்கும்? சொல்லு."

அம்மா பேசிய வார்த்தைகள் வந்தன. என்னைத் திட்டியது, சாப்பிடக் கூப்பிட்டது, ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தண்ணீர் கேட்டது, எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை வந்தன. எல்லாவற்றையும் என் மனதுக்குள் என் குரலே சொன்னது. வேறு குரல் அங்கே இல்லை. அப்பா நான் நின்ற பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.